ஆர்டிஸ் பார்த்த வெளிச்சம்

ஆர்டிஸ் ஹாகனுக்குத் தன் கண்ணைப் பற்றி இருந்த கர்வம் டோரன் ஊருக்கே தெரியும். அறுபத்தாறு வயதில் மளிகைச் சீட்டைப் படிக்க மூக்குக்கண்ணாடியைத் தேடுவாள். ஆனால் இருபது மைலுக்கு அப்பால் எழும் ஒரு கோடு மரலாரி கிளப்பிய புழுதியா, மழைக்குப் பிறகு பள்ளத்திலிருந்து ஏறும் மூடுபனியா, நெருப்பின் புகையா என்று ஒரு வாய் காப்பி உறிஞ்சுவதற்குள் சொல்லிவிடுவாள். இருபத்து நான்கு கோடைகளில் ஒரு தடவைகூட அவள் புழுதியைப் புகை என்று சொன்னதில்லை. இதை அவளே சொல்வாள். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வாள்.

வருடத்தில் ஒன்பது மாதம் அவள் டோரன் பள்ளிக்கூடத்துச் சமையற்காரி. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் மூடியதும் வனத்துறையின் கோவேறு கழுதைகள் அவளுடைய மாவையும் பீன்ஸ் டப்பாக்களையும் சுமந்துகொண்டு முன்னே போகும், அவள் பின்னே போவாள். சால்ட்லிக் மலையின் உச்சியில் நாலு பக்கமும் கண்ணாடி வைத்த ஒற்றை அறை, சுற்றிவர ஆளோடி. அறையின் நடுவில் திசை பார்க்கிற வட்டக் கருவி. புகையைக் கண்டால் கருவியின் முள்ளை அதன் மேல் பிடித்து, டிகிரியைப் படித்து, ரேடியோவில் டோரன் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. போவதும் அணைப்பதும் மற்றவர்கள் பாடு.

இன்னொரு வேலையும் உண்டு. மலைக்குக் கீழே பள்ளத்தாக்குகளில் இறங்கிய ஆட்களின் கைரேடியோ டோரனுக்கு எட்டாது. சால்ட்லிக்குக்கு மட்டும்தான் கேட்கும். ஆகவே பள்ளத்திலிருந்து வருவதை அவள் டோரனுக்குச் சொல்ல வேண்டும், டோரன் சொல்வதைப் பள்ளத்துக்குச் சொல்ல வேண்டும். கேட்டதைக் கேட்டபடி, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். ஒருமுறை யாரோ பள்ளத்திலிருந்து கெட்ட வார்த்தையில் திட்டியதையும் அவள் அப்படியே திருப்பிச் சொன்னாள். டோரன் அலுவலகம் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

அவள் புருஷன் வெண்டல், மரம் அறுக்கும் மில்லில் முப்பத்தைந்து வருடம் ரம்பத்துக்குச் சாணை பிடித்தவன். எழுபத்தொரு வயது. பத்து விரலில் ஒன்பதைத்தான் மில் அவனுக்கு விட்டுவைத்திருந்தது என்று அவனே கேலி செய்வான். பிள்ளை குட்டி இல்லை. "மூணு மாசம் பொண்டாட்டி மலைமேல. ஊர்ல எவனுக்குக் கெடைக்கும் இந்த யோகம்?" என்று காப்பிக் கடையில் அளந்துவிட்டு, வீட்டுக்கு வந்து காலண்டரில் நாளைக் கிழிப்பான்.

அந்த நாட்டில் செப்டம்பர் முதல் திங்களன்று தொழிலாளர் தின விடுமுறை. அது முடிந்து வரும் முதல் சனிக்கிழமை வெண்டலுடைய நாள். ஆகஸ்டில் தானே பறித்து வைத்த ஹக்கிள்பெர்ரிப் பழங்களைப் போட்டு, அவன் ஒரு ‘பை’ சுடுவான். மாவை மேலும் கீழும் வைத்து மூடிச் சுடுகிற அந்தப் பலகாரம் ஒரு அலுமினியத் தட்டில் இருக்கும். மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, பூட்ஸ் கயிற்றால் குறுக்கே கட்டி, முதுகுப் பையில் வைத்துக்கொண்டு ஐந்து மைல் ஏறுவான். தட்டுகள் இரண்டும் அடிபட்டுச் சொட்டையானவை. ஜூலையில் அவைதான் வீட்டுச் செர்ரி மரத்தில் தொங்கும், பறவைகளை விரட்ட. காற்றில் ஆடிப் பளிச்சிடும். அந்த ஊரில் செர்ரி வைத்திருக்கிற எல்லார் வீட்டிலும் அப்படித்தான். பறவைகள் இரண்டு நாள் பயப்படும், மூன்றாம் நாள் தட்டின் மேலேயே உட்கார்ந்து பழம் தின்னும்.

மலைப்பாதையின் மேல் பாதி, பழைய காட்டுத்தீயில் எரிந்த சரிவு. பட்டை உரிந்து வெளுத்த மொட்டை மரங்கள் மட்டும் நிற்கும். நடுவே முழங்கால் உயரத்துக்கு ஹக்கிள்பெர்ரிச் செடி. செப்டம்பர் தொடக்கத்தில் இலையெல்லாம் சிவந்துவிடும். அந்தச் சரிவின் முதல் வளைவுக்கு வந்ததும் வெண்டல் மேல்தட்டை அவிழ்த்து வெயிலில் காட்டுவான். பளிச், பளிச், பளிச். ஆர்டிஸ் ஆளோடியில் நின்று தன் கைக்கண்ணாடியால் மூன்று முறை பதில் காட்டுவாள். காட்டிவிட்டு உள்ளே போய்க் காப்பி போடுவாள். இருபத்து மூன்று வருடமாக அவர்கள் இப்படித்தான். வேறு கொஞ்சல் குலாவல் எதையும் ஊர் பார்த்ததில்லை.

இந்த வருடம் மார்ச்சில் வெண்டலின் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆர்டிஸ் கோடை வேலையே வேண்டாம் என்றாள். அவன் சண்டை போட்டு அனுப்பிவைத்தான். ஆளோடியின் கிழக்கு மூலையில் மட்டும் செல்போன் கொஞ்சம் எடுக்கும். வியாழக்கிழமை அங்கே நின்று அவள் அவனைக் கூப்பிட்டாள்.

"இந்தச் சனிக்கெழம நீ வரக்கூடாது. டாக்டர் என்ன சொன்னாரு?"

"மலை ஏறக்கூடாதுன்னாரு. சால்ட்லிக் ஏறக்கூடாதுன்னு சொல்லல."

"வெண்டல்!"

"சரி சரி, வரல. வீட்லயே உக்காந்து மொத்தப் பையையும் நானே தின்னுக்கறேன். திருப்தியா?"

"தின்னு. சக்கரையும் சேந்து ஏறட்டும்."

அவன் சிரித்தான். வரமாட்டான் என்று அவள் நம்பினாள் என்று சொன்னால் அது பொய். வரமாட்டேன் என்று அவன் வாயால் சொல்ல வைத்துவிட்டோம் என்ற நிம்மதி மட்டும் அவளுக்கு இருந்தது. அந்த நிம்மதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சனிக்கிழமை விடியற்காலை உறைபனி விழுந்து, ஒன்பது மணிக்கெல்லாம் கரைந்துவிட்டது. வானம் துடைத்துவைத்ததுபோல் இருந்தது. பத்து நாற்பதுக்கு, மியூல் ஓடைப் பள்ளத்தில் வெளுப்பாக ஒரு கோடு எழுந்தது. இரண்டு நாள் முன்பு விழுந்த இடியில் எங்கோ வேரில் ஒளிந்திருந்த நெருப்பு. ஆர்டிஸ் டிகிரியைப் படித்துச் சொன்னாள். பதினொன்றரைக்குள் கர்ட் என்பவனின் தலைமையில் ஆறு பேர் பள்ளத்தில் இறங்கினார்கள். ஹெலிகாப்டர் ஒன்று ஏரியில் வாளியை முக்கி முக்கித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியது. ஆறு பேருக்கும் டோரனுக்கும் நடுவே ஆர்டிஸின் வாய் ஒன்றுதான் இருந்தது.

பன்னிரண்டு பத்துக்கு, எரிந்த சரிவின் முதல் வளைவில் பளிச் என்றது.

"அடப்பாவி," என்றாள் ஆர்டிஸ். இரண்டாவது பளிச். மூன்றாவது பளிச்.

பயம் எழுந்தது. அதோடு, மறைப்பானேன், சந்தோஷமும் எழுந்தது. வந்துவிட்டான் கிழவன். மேலே வரட்டும், இருக்கிறது அவனுக்கு. கைக்கண்ணாடியை எடுத்து மூன்று முறை காட்டினாள். மூன்றாவதைக் கொஞ்சம் கோபமாகக் காட்டினாள். காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள்.

முதல் வளைவிலிருந்து மூன்றாம் வளைவுக்கு அவனுக்கு வழக்கமாக அரை மணி ஆகும். ஒரு மணிக்குத்தான் அவனுடைய ஆரஞ்சுத் தொப்பி மூன்றாம் வளைவில் தெரிந்தது. நேர்கோட்டில் பார்த்தால் ஒரு மைல் இருக்கும். பைனாகுலரில் பார்த்தாள். அவன் விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்தான். குனிந்தான். ரொம்ப நேரம் நிமிரவில்லை. பிறகு எழுந்து, நாலடி நடந்து, பாதையோரப் பாறையின் நிழலுக்குப் பின்னால் போய்விட்டான். பாறை அவனை முழுதாக மறைத்தது.

அவள் ரேடியோவை எடுத்தாள். "டோரன், சால்ட்லிக் பேசறேன்."

"சொல்லுங்க ஆர்டிஸ்." டோரன் ரேடியோவில் இருந்தவள் ஜோலீன். பள்ளிக்கூடத்தில் ஆர்டிஸ் கையால் சோறு வாங்கித் தின்றவள்.

"வெண்டல் ஏறி வர்றான். மூணாம் வளைவுல உக்காந்துட்டான். எனக்கு ஆள் தெரியல, பாறை மறைக்குது."

"ஐயோ, அவருக்கு இப்பத்தானே ஸ்டென்ட் வச்சாங்க? யாரு விட்டது அவர?"

"அவன யாரு விடணும், யாரு புடிக்கணும்?"

ஜோலீன் நிலவரத்தைச் சொன்னாள். "ஹெலிகாப்டர் ஒண்ணுதான் இருக்கு. கர்ட் ஆளுங்களுக்குத் தண்ணி ஊத்துது. காத்து வேற ஏறுது. ஆனா நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, இப்பவே அங்க திருப்பறேன். அவர் எப்படி இருக்காரு, நீங்க பாத்துச் சொல்லுங்க."

ஆர்டிஸ் பைனாகுலரைத் தூக்கினாள். பாறை, சிவந்த இலை, வெளுத்த மரம். ஒன்றும் அசையவில்லை. ஐந்து நிமிடம் பார்த்திருப்பாள். ஜோலீன் இரண்டு முறை கூப்பிட்டாள். வாயைத் திறந்து "திருப்பு" என்று சொல்லப்போன நேரத்தில், பாறையின் ஓரத்தில் பளிச் என்றது. மறுபடி. கொஞ்சம் விட்டு இரண்டு முறை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "தட்டு காட்டறான். கெழட்டு எருமை, நெழல்ல உக்காந்து வெளயாட்டு. வேணாம் கண்ணு, ஹெலிகாப்டர் நெருப்புலயே இருக்கட்டும். கீழ ஆறு பேரு இருக்காங்க."

"நிச்சயமா?"

"என் கண்ணு மேல சந்தேகமா ஒனக்கு?"

ஜோலீனுக்கு மட்டுமல்ல, டோரனில் யாருக்கும் அந்தக் கண் மேல் சந்தேகம் வந்ததில்லை.

பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஆர்டிஸ் அந்த வெளிச்சத்தோடு பேசிக்கொண்டிருந்தாள். இடையிடையே கர்ட் பள்ளத்திலிருந்து கூப்பிடுவான், இன்னும் ரெண்டு வாளி வேண்டும், தெற்கு ஓரம் எரிகிறது என்பான். அதை டோரனுக்குச் சொல்வாள். சொன்ன கையோடு ஆளோடிக்கு வந்து கண்ணாடியைக் காட்டுவாள். அங்கே பளிச்சிடும். "ஆமா, இருக்க. நல்லா உக்காரு. அவசரமில்ல. காப்பி ஆறிப்போச்சு, வேற போட்டுக்கலாம்." வேகமாக மூன்று முறை பளிச்சிட்டால் கேலி செய்கிறான் என்று எடுத்துக்கொண்டாள். நடுவே விட்டுப்போனால், கை வலிக்கிறது, மாற்றிக்கொள்கிறான் என்றாள். அவள் காட்டுவதற்கு முன்பே அது பதில் சொன்னபோது, பார், இவனுக்கு எப்போதும் அவசரம் என்று திட்டினாள்.

இரண்டு மணி சுமாருக்கு அது விடாமல் நெடுநேரம் பளிச்சிட்டது. ஒரு மனிதக் கை இவ்வளவு நேரம் ஆடுமா என்று மனதில் என்னவோ தட்டியது. அதே நேரம் கர்ட் கூப்பிட்டான். "சால்ட்லிக், காத்து திரும்புது. டோரன்கிட்ட சொல்லுங்க." சொன்னாள். காற்று ஏறியதை அவளும் ஆளோடியில் உணர்ந்தாள். மனதில் தட்டியது திரும்பி வரவில்லை.

இரண்டரைக்கு ஆளோடிப் படிகளில் காலடிச் சத்தம் கேட்டது. வெண்டலின் காலடி இல்லை. ஒருநாள் நடைக்கு வந்த இளம் தம்பதி, முகமெல்லாம் சிவந்து, சிரித்துக்கொண்டு ஏறினார்கள். கெல்சி, ட்ரூ என்று பெயர் சொன்னார்கள். கெல்சியின் கையில் ஒரு அலுமினியத் தட்டு இருந்தது. தட்டில் பலகாரம் கலையாமல் இருந்தது. மேல்தட்டு இல்லை.

"நீங்கதானே ஆர்டிஸ்? ஒங்க வீட்டுக்காரர் குடுத்து விட்டாரு. ‘நான் மெதுவா வர்றேன், ஆறிப்போகும், நீங்க முன்னால கொண்டு போங்க’ன்னாரு. ரொம்ப தமாஷான மனுஷன்!"

"எப்ப பாத்தீங்க?"

"ஒண்ணு பத்து, ஒண்ணேகால் இருக்கும். அதுக்கப்பறம் நாங்க வழியெல்லாம் நின்னு நின்னு பழம் பறிச்சுத் தின்னுட்டு வந்தோம்."

"எப்படி இருந்தான்?"

"களைப்பா இருந்தாரு. வெளுத்துப்போய்க் கொஞ்சம் வேர்த்திருந்துச்சு. கூட இருக்கட்டுமான்னு ட்ரூ கேட்டான். ‘போங்க போங்க, வயசானவன் தூங்கறதப் பாக்கவா மலை ஏறினீங்க’ன்னு வெரட்டிட்டாரு." கெல்சி சிரித்தாள். "ஒரே ஒரு ஒதவி கேட்டாரு. இன்னொரு தட்டு இருக்குல்ல, அதப் பூட்ஸ் கயித்துல கோத்து, பாறைக்குப் பின்னால இருக்கற மொட்ட மரத்துக் கெளையில கட்டச் சொன்னாரு. கை ஓஞ்சு போச்சாம். ‘வெளிச்சம் நின்னா அவ எல்லாத்தயும் போட்டுட்டு ஓடி வந்துருவா, கீழ நெருப்புல பசங்க இருக்காங்க’ன்னாரு. நாந்தான் கட்டினேன். இங்கருந்து தெரிஞ்சுச்சா?"

ஆர்டிஸ் சரிவைப் பார்த்தாள். பளிச், பளிச். காற்று கொஞ்சம் நின்றது, வெளிச்சமும் நின்றது. காற்று எழுந்தது, பளிச்.

ஒவ்வொரு ஜூனிலும் மலைக்குக் கிளம்புமுன் ஏணி போட்டு ஏறி, அந்தத் தட்டைச் செர்ரிக் கிளையில் கட்டுகிறவள் அவள்தான். பறவைகளே மூன்றாம் நாள் கண்டுபிடித்துவிடும்.

"தெரிஞ்சுது," என்றாள்.

உள்ளே போய் ரேடியோவை எடுத்தாள். "ஜோலீன். ஹெலிகாப்டரத் திருப்பு. மூணாம் வளைவு. அது அவன் இல்ல. மரத்துல கட்டின தட்டு. ஒண்ணேகால்லேர்ந்து நான் தட்டப் பாத்துட்டு இருக்கேன்."

ஜோலீன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "திருப்பியாச்சு," என்றாள். ஹெலிகாப்டர் வாளியைக் கழற்றிவிட்டு, மருத்துவம் தெரிந்த இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். மொட்டை மரங்களுக்கு நடுவே இறங்க முடியாது. கீழே புல்வெளியில் இறங்கி, அவர்கள் நடந்து ஏற வேண்டும்.

ட்ரூ விஷயம் புரிந்ததும் முதுகுப் பையை வீசிவிட்டுப் படியிறங்கி ஓடினான். கெல்சி தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, "நான் அங்கயே இருந்திருக்கணும்," என்று அழத் தொடங்கினாள். "நீங்க போங்க, நான் ரேடியோவப் பாத்துக்கறேன். எதப் புடிச்சுப் பேசணும்னு மட்டும் சொல்லுங்க."

ஆர்டிஸ் கதவு வரை போய்விட்டாள். பாதை வழியாக ஒன்றரை மைல். வேகமாக இறங்கினால் முப்பது நிமிடம். முழங்கால் போனால் போகட்டும். பூட்ஸ் கயிற்றை இறுக்கக் குனிந்தாள்.

"சால்ட்லிக், சால்ட்லிக்!" கர்ட்டின் குரல் உயர்ந்திருந்தது. "காத்து நேரா எங்க மேல வருது. ஹெலிகாப்டர் எங்க போச்சு? வடக்குப் பக்கம் எங்களுக்குத் தெரியல. நீங்க பாத்து வழி சொல்லணும். சால்ட்லிக், கேக்குதா?"

கெல்சிக்கு வடக்கு எது, கர்ட் எங்கே என்று எதுவும் தெரியாது. பள்ளத்தில் ஆறு பேர். ஹெலிகாப்டரை அவர்களிடமிருந்து எடுத்ததும் ஆர்டிஸ்தான். முதலில் எடுக்க வேண்டாம் என்றதும் அவள்தான். அவிழ்ந்த கயிற்றோடு அவள் கருவிக்குத் திரும்பி வந்து நின்றாள். வைதாள். யாரை என்று அவளுக்கே தெரியாது. வெண்டலையா, காற்றையா, அழுதுகொண்டு நின்ற அந்தப் பெண்ணையா. பிறகு பட்டனை அழுத்தினாள்.

"கேக்குது கர்ட். வடக்குல புகை இல்ல. ஏற்கெனவே எரிஞ்ச கருப்பு எடம் ஒங்களுக்கு எடது கைப்பக்கம், முந்நூறு கஜம். அதுக்குள்ள போயிடுங்க. இப்பவே."

அந்த முக்கால் மணி நேரம் அவள் செய்ததெல்லாம் அதுதான். கண்ணால் புகையைப் பார்த்து, வாயால் ஆறு பேரை நடத்தினாள். ஒவ்வொரு முறை பட்டனை விட்டதும் தலை தானாகச் சரிவுப் பக்கம் திரும்பியது. தட்டு ஆடிக்கொண்டே இருந்தது. அதைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. கைக்கண்ணாடியை எடுத்தாள். யாருக்குக் காட்டுவது? மேஜையில் வைத்தாள். மறுபடி எடுத்தாள். ஒருவேளை அவன் கண்ணைத் திறந்து பார்த்தால் என்று மூன்று முறை காட்டினாள்.

மூன்று பதினைந்துக்குக் கர்ட் கூப்பிட்டான். "ஆறு பேரும் கருப்புல இருக்கோம். பத்திரமா இருக்கோம். நன்றி ஆர்டிஸ்."

அவள் டோரனுக்குச் சொன்னாள். "ஆறு பேரும் கருப்புல இருக்காங்க. பத்திரமா இருக்காங்க." நன்றியை விட்டுவிட்டாள். இருபத்து நான்கு கோடைகளில் அவள் குறைத்த ஒரே சொல் அது.

மூன்று முப்பத்தெட்டுக்கு ஒரு புதுக்குரல். வேறு மாநிலத்திலிருந்து இந்தக் கோடைக்கு வந்திருந்த மருத்துவ உதவியாளன். மலையும் தெரியாது, மனிதர்களும் தெரியாது. சரிவின் அந்த மடிப்பிலிருந்தும் ரேடியோ டோரனுக்கு எட்டாது.

"சால்ட்லிக், டோரனுக்கு ஒரு செய்தி இருக்கு. சொல்லலாமா?"

"சொல்லுங்க."

"ஆம்பளை, எழுபது வயசு இருக்கும். நாடி இல்ல, மூச்சு இல்ல. ஒடம்பு குளுந்துபோச்சு. நாங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே போயிருக்காரு. தூக்கிட்டு வர ஸ்ட்ரெச்சர் வேணும். குடும்பத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

"கேட்டுது," என்றாள் ஆர்டிஸ்.

கெல்சி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆர்டிஸ் டோரனின் பட்டனை அழுத்தினாள்.

"டோரன், சால்ட்லிக். மூணாம் வளைவுலேர்ந்து செய்தி." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "ஆம்பளை, எழுபது வயசு இருக்கும். நாடி இல்ல, மூச்சு இல்ல. ஒடம்பு குளுந்துபோச்சு. அவங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே போயிருக்காரு. தூக்கிட்டு வர ஸ்ட்ரெச்சர் வேணும். குடும்பத்துக்குத் தகவல் சொல்லச் சொல்றாங்க."

பட்டன் அழுந்தும் சத்தம் கேட்டது, ஜோலீன் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது, பட்டன் விடுபடும் சத்தம் கேட்டது. மறுபடி அழுந்தியது. பேச்சு வரவில்லை.

ஆர்டிஸ் தானே பட்டனை அழுத்தினாள்.

"குடும்பத்துக்குத் தகவல் சொல்லியாச்சு, ஜோலீன். நேரம் மூணு நாப்பது. எழுதிக்கோ."